வளையத்துக்குப் பக்கத்தில் நின்று

கூடைப்பந்து கையை விட்டுப் போன பிறகு அதன் மேலுள்ள கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். அவை ஆடாமல், ஒரே சீராகப் பின்னோக்கிச் சுழன்றால் அந்த ஷாட் நன்றாக விடப்பட்ட ஷாட். கோடுகள் தள்ளாடினால் ஏதோ ஒரு விரல் செய்யக் கூடாத வேலையைச் செய்திருக்கிறது. ஷூட்டிங் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முதல் சில வருடங்கள் நான் பிள்ளைகளின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் பந்தைத்தான் பார்க்கிறேன். கையில் என்ன நடந்தது என்பதைப் பந்து அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருடம் 11 வயதுப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்தாள். நல்ல ஓட்டம், பந்தைத் தட்டிக்கொண்டு போனால் யாராலும் பறிக்க முடியாது. ஷாட் மட்டும் தொடர்ந்து வலது பக்கம் விலகிப் போகும். அதற்கு முன் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே திருத்தத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். “நான் எல்போவை உள்ளேதான் வைக்கிறேன் அக்கா. எப்படி வைத்தாலும் அங்கேயே போகுது” என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. சரி, வளையத்தை விட்டுவிடு, எனக்கு ஒரு ஷாட் போடு என்று சொல்லி எதிரில் போய் நின்றேன். பந்து என்னிடம் வரும்போது, வேகம் குறைந்த பம்பரம் போல அதன் கோடுகள் ஆடின. அவளுடைய வலது முழங்கை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பந்தைச் சும்மா தாங்கிக்கொள்ள வேண்டிய இடது கை, கடைசி நொடியில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளியது.

நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, அவளுடைய இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தேன். “இது கீழே விழாமல் ஷாட் போடு” என்று மட்டும் சொன்னேன். முதல் ஷாட்டில் தாள் பறந்தது. இரண்டாவதிலும் பறந்தது. அவள் தாளைப் பார்த்தாள், தன் கட்டைவிரலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். ஆறாவதோ ஏழாவதோ ஷாட்டில் தாள் விரலிடுக்கிலேயே நின்றது. பந்து வளையத்தை எட்டவே இல்லை, ஆனால் கோடுகள் நேராகச் சுழன்றன. வளையத்துக்கு நேராகவும் போனது.

எனக்கு அது உடனே தெரிந்ததற்குக் காரணம் உண்டு. நானும் பத்து வருடம் அதே கட்டைவிரலோடு விளையாடியவள். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அன்பானவர்தான், ஆனால் அவரிடம் எல்லாத் தவறுக்கும் ஒரே மருந்து இருந்தது. பந்து இடதில் போனாலும் எல்போ, வலதில் போனாலும் எல்போ, வளையத்தை எட்டாவிட்டாலும் எல்போ. அதைக் கேட்டுக் கேட்டு முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கப் பழகினேன். தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். இருபத்தி நாலாம் வயதில் அணித்தோழி ஒருத்தி என் ஷாட்டை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினாள். பந்து கிளம்பும் நேரத்தில் என் இடது கை முறுக்கிக்கொண்டு, உள்ளங்கை வளையத்தைப் பார்த்தபடி நின்றது. அது பந்தின் பக்கவாட்டில் அப்படியே நின்றிருக்க வேண்டும். பத்து வருடமாக என்னோடு இருந்ததை எட்டு நொடி வீடியோவில் பார்த்தேன். அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் போட்டிகளில் என் ஷாட் முன்பைவிட மோசமாக இருந்தது. இது எல்லோருக்கும் நேரும். பழைய பழக்கம் போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடைவெளியில்தான் மனம் தளர்ந்து பழைய ஷாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஷாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. விரல்களை இயல்பாக விரித்துப் பந்தை வலது கையில் வாங்குங்கள். பந்து விரல்களின் சதைப்பகுதியில் உட்காரும். உள்ளங்கையின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், இன்னொரு கையின் விரல் நுனி நுழையும் அளவுக்கு. பந்து முழுவதும் உள்ளங்கையில் அப்பிக்கொண்டால் விரல்களுக்கு வேலை இல்லாமல் போகும், சுழற்சி வராது. மணிக்கட்டைப் பின்னால் மடக்கினால் கையின் மேல்புறத்தில், மணிக்கட்டு சேருமிடத்தில் தோல் சுருங்கி ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு தெரிகிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்வேன். பந்து கையை விட்டுக் கிளம்பும்போது கடைசியாக அதைத் தொடுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அந்த இரண்டு விரல் நுனிகளின் கடைசி வருடலில்தான் பின்சுழற்சி பிறக்கிறது.

பின்சுழற்சியை அழகுக்கான விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பந்து வளையத்தின் விளிம்பிலோ பலகையிலோ படும்போது, பின்னால் சுழலும் பந்து தன் வேகத்தில் கொஞ்சத்தை இழந்து கீழ்நோக்கி இறங்கும். சுழற்சியே இல்லாத பந்து அதே இடத்தில் பட்டாலும் துள்ளி வெளியே ஓடிவிடும். விளிம்பில் பட்டு, இரண்டு முறை தயங்கி, உள்ளே விழும் ஷாட்டைப் பார்த்து ‘அதிர்ஷ்டம்’ என்கிறோமே, அதில் பாதி அந்த இரண்டு விரல்களின் வேலை. இதைச் சோதிக்க வளையமே தேவையில்லை. தரையில் போட்டிருக்கும் எந்தக் கோட்டின் மேலாவது நின்று, கோட்டோடு நேராக ஒரு ஷாட் போடுங்கள். பந்து கோட்டின் மேலேயே விழ வேண்டும், விழுந்து துள்ளி உங்களை நோக்கியே திரும்பி வர வேண்டும். பக்கவாட்டில் ஓடினால் காகிதத் துண்டைத் தேட வேண்டியதுதான்.

அடுத்தது பந்து போகும் வளைவு. வளையத்தின் உள்விட்டம் சுமார் 45 செ.மீ. ஆண்கள் விளையாடும் 7-ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து பார்த்தால் இடம் தாராளம். ஆனால் பந்து சாய்வாக வரும்போது அதன் பார்வையில் வளையம் ஒடுங்கிவிடுகிறது. 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு அது சுமார் 32 செ.மீ. அகலம்தான். 30 டிகிரியில் வந்தால் 22 செ.மீ. சொச்சம், அதாவது பந்தைவிடச் சிறியது! தட்டையாக எறிந்த பந்து விளிம்பில் படாமல் சுத்தமாக உள்ளே போவது நடக்கவே நடக்காது. இதை ஒருநாள் ஒரு வட்டத் தட்டைக் கண் முன்னே சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். நூறு முறை ‘மேலே போடு’ என்று சொன்னதைவிட அந்த ஒரு நிமிடம் நன்றாக வேலை செய்தது.

அதற்காக வானத்தை நோக்கி எறியவும் முடியாது. உயரம் கூடக் கூட அதிக விசை வேண்டும், விசை கூடினால் தூரத்தில் பிசகும். 2008-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரானும் சில்வர்பெர்க்கும் ஃப்ரீ த்ரோவை, அதாவது யாரும் தடுக்காமல் ஒரு கோட்டில் நின்று போடும் ஷாட்டை, கணினியில் போட்டுப் போட்டுப் பார்த்து, கையை விடும்போது சுமார் 52 டிகிரி, நொடிக்கு 3 சுற்று பின்சுழற்சி என்று கணக்குச் சொன்னார்கள். கோணமானியை வைத்துக்கொண்டு யாரும் ஷாட் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பந்து தன் பாதையில் வளையத்தைவிட நன்கு உயர்ந்து, அப்புறம் இறங்க வேண்டும் என்பது மனதில் படமாக நின்றால் போதும். முதுகு தரையில் படும்படி மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தை நேர் மேலே போட்டுப் பிடிக்கும் பயிற்சி இதற்கு நல்லது. பந்து கை இருந்த இடத்துக்கே திரும்ப வர வேண்டும். முகத்தில் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே கை நேராகிவிடும்.

முழங்கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முன்கை பந்துக்கு அடியில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் இரண்டு பாதங்களையும் வளையத்துக்கு நேராக, பெட்டி போட்டது போல வைத்துக்கொண்டு முழங்கையை உள்ளே இழுத்தால் தோள் முறுக்கிக்கொள்ளும். வலது கைக்காரர்கள் பாதங்களைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, வலது பாதத்தை ஓர் அங்குலம் முன்னால் வைத்துப் பாருங்கள். இடுப்பும் வலது தோளும் தாமாகவே வளையத்தின் வரிசைக்கு வந்துவிடும், முழங்கையும் யாரும் சொல்லாமலே உள்ளே வரும். சிறந்த ஷூட்டர்கள் பலரின் பாதங்களை உற்றுப் பார்த்தால் இந்தத் திருப்பம் தெரியும். என் தோள் வலிக்கு மருந்து என் காலடியில்தான் இருந்தது. எத்தனை திருப்புவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை அவரவர் உடம்புதான் சொல்ல வேண்டும்.

ஒற்றைக் கையால் ஷாட் போடுவது ஏதோ இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது போல நாம் பேசுகிறோம். 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி இதைத் தொடங்கிவைத்த பிறகு, பல பத்தாண்டுகள் ஆட்டக்காரர்கள் கால்களை ஊன்றி, இரண்டு கையாலும்தான் பந்தைத் தள்ளினார்கள். 1936-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஹேங்க் லூயிசெட்டி நியூயார்க்கில் ஒற்றைக் கையால் போட்டுக் காட்டியது பெரிய செய்தியானது. கென்னி செய்லர்ஸ் 1940களில் எம்பிக் குதித்துப் போட்டார், தன்னைவிட உயரமான அண்ணனின் தலைக்கு மேல் பந்தை அனுப்பச் சிறு வயதில் கண்டுபிடித்த வழி அது. அதனால் எட்டு வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் இடுப்பிலிருந்து பந்தைத் தள்ளும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. கைக்கு வலு போதாத உடம்பு கண்டுபிடிக்கும் நியாயமான வழி அது.

கோபம் வருவது பெரியவர்கள் மேல். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்து 600 கிராம் எடை. அதைப் பிள்ளையிடம் கொடுத்து ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்திவிட்டு, ‘ஒழுங்காகப் போடு’ என்கிறோம். அந்தப் பிள்ளை எப்படியாவது பந்தை மேலே சேர்க்க வேண்டும், அதற்காக இடுப்பை வளைக்கும், பந்தைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகும், இரண்டு கையாலும் தள்ளும். இப்படி ஆயிரம் முறை செய்தால் அதுவே அதன் ஷாட். 12 வயதுக்கு உட்பட்டவர்களின் மினி கூடைப்பந்துக்கு வளையம் 2.60 மீட்டர், பந்து 5-ஆம் எண், 500 கிராமுக்கு மிகாதது. அந்த அளவுகள் யோசித்து வைத்தவை. வளையத்தை இறக்க வழியில்லை என்றால் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள், அதுவே போதும். சுவரைப் பார்த்து ஒழுங்கான ஷாட் போடும் பிள்ளை, வளையத்தைப் பார்த்துக் கோணல் ஷாட் போடும் பிள்ளையைவிட இரண்டு வருடத்தில் எங்கோ போய்விடும்.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதில் நான் மாறியதுதான் அதிகம். முன்பெல்லாம் ஒரு ஷாட்டுக்கு நான்கு திருத்தம் சொல்வேன். முட்டியை மடக்கு, மணிக்கட்டைத் தளர்த்து, கண்ணை எடுக்காதே, கையை நீட்டு. பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஷாட் மரத்துப்போகும். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கேப்ரியேல் வுல்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் ஃப்ரீ த்ரோ போடுபவர்களை ஒரு முறை மணிக்கட்டின் அசைவையும், ஒரு முறை வளையத்தையும் நினைத்துக்கொண்டு போடச் சொல்லிப் பார்த்தார்கள். வளையத்தை நினைத்தபோது குறி நன்றாக அமைந்தது, தசைகளின் வீண் இறுக்கமும் குறைந்தது. இதைப் படித்த பிறகு என் பேச்சை மாற்றினேன். ‘மணிக்கட்டை மடக்கு’ என்பதை விட்டுவிட்டு, ‘கையை வளையத்துக்குள் விட்டு அங்கேயே வைத்திரு’ என்றேன். ‘கோணத்தைக் கூட்டு’ என்பதற்குப் பதிலாக, எதிரில் ஒரு துடைப்பக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘இதைத் தாண்டிப் போகட்டும்’ என்றேன். தாள் துண்டும் அந்த வகைதான். கட்டைவிரல் என்ற சொல்லையே அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு விஷயம். இரண்டாவது தவறு கண்ணில் பட்டாலும் நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். இது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பல நேரம் முதல் தவறு சரியானதும் இரண்டாவது தானாகப் போய்விடுகிறது, அது முதலாவதின் நிழலாக மட்டுமே இருந்திருக்கும்.

கண்ணைப் பற்றி மட்டும் சீக்கிரமே சொல்லிவிடுவேன், ஏனென்றால் அதைச் செய்ய வலு தேவையில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 1990களில் ஃப்ரீ த்ரோ போடுபவர்களின் பார்வை எங்கே போகிறது என்று அளந்து பார்த்தார். நன்றாகப் போடுபவர்களின் பார்வை, கை கிளம்பும் முன்பே வளையத்தில் ஓரிடத்தில் நிலைத்து, கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகிறது. முன் விளிம்பா, பின் விளிம்பா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள் என்பேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கவைப்பது. ஒரு மீட்டர் தூரத்தில், ஒற்றைக் கையால், விளிம்பில் படாமல் ஐந்து. அப்புறம் ஓரடி பின்னால். 14 வயதுப் பையன்களுக்கு இது பெரிய அவமானம். பக்கத்துக் கோர்ட்டில் நண்பர்கள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, 6.75 மீட்டரிலிருந்து எறிந்துகொண்டிருப்பார்கள், இவன் வளையத்துக்கு அடியில் நிற்க வேண்டும். எத்தனை பேர் என்னைவிட்டு அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்!

அவர்களிடம் நான் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்க ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லேன் ஃப்ரீ த்ரோவில் எப்போதும் திணறியவர். ஒரு சீசனில் இரண்டு கையாலும் கீழிருந்து வீசும் பாணிக்கு மாறினார். 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த அன்று, 32 ஃப்ரீ த்ரோவில் 28-ஐ உள்ளே போட்டார். அப்படியும் அந்தப் பாணியை விட்டுவிட்டார், பார்க்க நன்றாக இல்லை என்ற கூச்சத்தில். அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஸ்டீஃபன் கரி. உயர்நிலைப் பள்ளியில் அவருடைய ஷாட் இடுப்பருகிலிருந்து கிளம்பும். தடுப்பவர்களுக்கு அது எளிது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வில் விளையாடி ஓய்வுபெற்ற அவருடைய அப்பா டெல் கரி ஒரு கோடை விடுமுறையில் அதைப் பிரித்துப்போட்டு, தலைக்கு மேலிருந்து விடும்படி திரும்பக் கட்டினார். அந்த மாதங்களில் வளையத்துக்கு அருகிலுள்ள பகுதியைத் தாண்டி அவரால் ஷாட் போட முடியவில்லை. பந்தை மேலே சேர்க்கும் வலு புதிய இடத்தில் இல்லை. அந்தக் கோடை தனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்று பிறகு சொல்லியிருக்கிறார். மூன்று புள்ளி ஷாட்டில் இன்றைக்கு உலகமே அண்ணாந்து பார்க்கும் மனிதர், ஒரு கோடை முழுக்க வளையத்துக்கு அடியில் நின்றார். இதைக் கேட்டுச் சில பையன்கள் திரும்பி வருவார்கள்.

பின்னால் நகர்வதற்கு என்னிடம் ஒரு விதி உண்டு. பந்து விழுந்ததா என்பதை வைத்து நகர்வதில்லை, ஷாட் மாறாமல் இருந்ததா என்பதை வைத்துத்தான். பந்து முன்னால் குறைந்துபோனாலோ பின்னால் நீண்டுபோனாலோ பரவாயில்லை, அது கால் வலுவின் கணக்கு. களைப்பில் எல்லோருக்கும் குறையும். இடம் வலமாக விலகினால்தான் நிறுத்துவேன், அது கையோ பாதமோ மாறியதற்கு அடையாளம். தோள் எழும்பத் தொடங்கினாலும், இடுப்பு வளையத் தொடங்கினாலும் அந்தத் தூரம் இன்னும் அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. ஓரடி முன்னால் வரச் சொல்வேன்.

தாள் துண்டோடு தொடங்கிய அந்தப் பெண் முதல் மூன்று வாரம் வளையத்தின் நிழலிலேயே நின்றாள். நான்காவது வாரம் தாளை நானே வாங்கிவைத்துக்கொண்டேன், கட்டைவிரல் அமைதியாகவே இருந்தது. போன வாரம் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓரடி முன்னால் வரை வந்துவிட்டாள். பக்கத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் தூரத்திலிருந்து எறிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இவளுடைய ஒரு ஷாட் விளிம்பின் வலது பக்கத்தில் பட்டது. அடுத்ததும் வலது பக்கம். என் வாய் வரை வார்த்தை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவள் பந்தை எடுத்து, கோடுகளைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் இரண்டடி வளையத்தை நோக்கி நடந்து வந்து நின்றாள். பாதங்களைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினாள். கோடுகள் ஆடாமல் சுழன்றன. பந்து வலைக்குள் இறங்கித் தரையில் ஒரு துள்ளு துள்ளி, அவள் காலடிக்கே உருண்டு வந்தது. குனிந்து எடுத்து, அங்கேயே நின்று அடுத்ததைப் போட்டாள்.